சேவ் பண்ணாமல் மூடிய ஷீட்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அந்த வட்டப் படத்தை மூத்தவள் கிழித்தாளா, இல்லையா? போன வாரம் அவளை அங்கேதான் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கிழிக்கவில்லை. கை போனது உண்மை. அதற்குள் உள்ளறையில் மாமனார் முனகினார், ஓடிவிட்டாள். ஆற அமர ஒரு கோபம் கொள்ளக்கூட அந்த வீட்டில் அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனார் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. இருப்பது மூத்த மகன் வீட்டில். மூத்த மகன் லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவியைத்தான் எல்லோரும் மூத்தவள் என்கிறார்கள். மாமனாருக்காகக் கையிலிருந்த வேலையை விட்டவள் அவள்தான்.

அடுத்தவன் பெரிய அலுவலகம் ஒன்றில் இருக்கிறான். குடும்பத்தில் அவனுக்கு மேனேஜர் என்று பெயர். ஆபீஸில் அவன் என்னவாக இருக்கிறான் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கடைசிப் பெண் டீச்சர், வேறு ஊரில் இருக்கிறாள்.

இந்த மேனேஜர்தான், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட்டாகப் போட்டான். மூன்று வீட்டுக்கும் ஆளுக்கு எட்டு வேலை. அண்ணன் வீட்டுக்கு நீலம், தன் வீட்டுக்குப் பச்சை, தங்கை வீட்டுக்கு மஞ்சள். கீழே ஒரு வட்டம், மூன்று சம துண்டாக. அதைப் பிரிண்ட் எடுத்துவந்து அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜில் அவனே ஒட்டிவிட்டும் போனான்.

நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அந்த எட்டு என்னென்ன என்று படித்துப் பாருங்கள், வயிறு எரியும். தினமும் அப்பாவைக் குளிப்பாட்டுவது, நீலம். அது ஒரு வேலை. மாதம் ஒருமுறை டாக்டருக்குப் போன் செய்வது, பச்சை. அதுவும் ஒரு வேலை. ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் மனம்விட்டுப் பேசுவது ஒன்று. எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்றுதான். அடப்பாவி என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நீலக் கட்டங்களுக்கு மேலே தலைப்பு ‘அண்ணன்’. அண்ணன் குளிப்பாட்டுகிறார், அண்ணன் ஊட்டுகிறார், அண்ணன் துணி மாற்றுகிறார். அண்ணன் பாவம், அந்த நேரமெல்லாம் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். மூத்தவள் என்று ஒருத்தி அந்த ஷீட்டில் ஓர் இடத்திலும் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பழைய இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனி. துணி வெட்டும் பிரிவில் இருந்தவளை இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராகக் கூப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். “சைஸ் வாரியா எத்தனை வெட்டினோம்கிறதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லதான். அத மட்டும் கத்துக்கிட்டு வந்துடு” என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். மூத்தவளும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். காலை வேளையில் மாமனாரை யார் பார்ப்பது என்பதுதான் பாக்கி.

சனிக்கிழமை காலை. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார். தலையில் சோப்பு நுரை. அவர் இடது கையால் மூத்தவளின் முழங்கையைத் தட்டினார்.

“மூ... மூ...”

“மூக்குல தண்ணி போயிடுச்சா மாமா? இருங்க, தொடைக்கிறேன்.”

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

“சூடா இருக்கா? ஆத்தித் தரேன்.”

அவர் விட்டுவிட்டார். அவர் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் அந்த வீட்டில் யாராவது ஒருவர் முந்திக்கொண்டு சொல்லி முடித்துவிடுவார்கள். எல்லோருக்கும் அவசரம். அவருக்கு ஒரு வார்த்தை முழுசாக வருவதற்குள் குக்கர் நான்கு விசில் அடித்துவிடும்.

வாஷிங் மெஷின் மேல் வைத்திருந்த போன் அடித்தது. ஈரக் கையோடு ஸ்பீக்கரைத் தட்டினாள். மேனேஜர்.

“அண்ணி, ஷீட்ல இந்த வாரம் குளியல் ஒரு நாள்கூட டிக் ஆகலையே.”

“கை ரெண்டும் குளியல்ல இருக்கு தம்பி. டிக் பண்றதுக்கு மூணாவது கை முளைக்கல.”

“சரி, நானே போட்டுடறேன். நாளைக்கு சாயந்தரம் ரிவ்யூ. ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு. திங்கட்கிழமையிலேர்ந்து காலையில யாரு வந்து மாமாவ பாத்துக்கறதுன்னு அதுல பேசி முடிச்சுடுவோம். நான் வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

“அண்ணி, எமோஷனலா பேச வேணாம். ஷீட்ட பாருங்க. ஏற்கெனவே எல்லாருக்கும் சமமாத்தான் இருக்கு. உங்க பங்கையும் நாங்க எடுத்துக்கிட்டா பேலன்ஸ் என்னாகறது?”

“அப்ப நான் வேலைக்குப் போகக் கூடாதுங்கறீங்க.”

“அப்படிச் சொல்வேனா? தாராளமா போங்க. அப்பாவ ஒரு நல்ல ஹோம்ல விட்டுடலாம். ரெண்டு எடம் விசாரிச்சும் வெச்சுட்டேன். டேட்டாவும் அதத்தான் சொல்லுது. டேட்டா பொய் சொல்லாது அண்ணி.”

“தம்பி, போன் ஸ்பீக்கர்ல இருக்கு. மாமா இங்கதான் உக்காந்திருக்கார்.”

“இருக்கட்டும். அவருக்கு என்ன புரியப் போகுது.”

மூத்தவள் முழங்கையால் போனை அணைத்தாள். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாருக்கு விழுந்தது வாய்தானே தவிர, காது இல்லை. பெற்ற பிள்ளைக்கு அது தெரியவில்லை. அந்தக் கோபத்தில் அவள் கை வேகமாகப் போய், சோப்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மாமனாரைப் படுக்க வைத்து, மேனேஜர் வாங்கிக் கொடுத்த போனை வழக்கம்போல் அவர் இடது கைப்பக்கம் வைத்தாள். நாளெல்லாம் அதைத் தடவிக்கொண்டே கிடப்பார். அதில் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கல்லூரி விடுமுறையில் இருந்த மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு மூத்தவள் வகுப்புக்குப் போனாள்.

கம்ப்யூட்டர் சென்டர் ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. ஏறினாலே ரப்பர் வாசம். மெஷின்கள் எல்லாம் வயசானவை. மேஜைக்கடியில் யாருடைய கால் ஒயரில் பட்டாலும் வரிசையே அணைந்துவிடும். அதனால் அங்கே பாடம் நடத்தும் மிஸ், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக சேவ் என்றுதான் சொல்வாள்.

“சேவ் பண்ணலைன்னா நீங்க ஒண்ணுமே பண்ணலைன்னு அர்த்தம். வேணும்னா சேவ் பண்ணுங்க. வேணாம்னா பண்ணாம மூடுங்க. அடிச்ச தடமே இருக்காது. அதனால பயப்படாம எத வேணாலும் அடிச்சுப் பழகுங்க.”

மூத்தவள் இதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மவுஸ்தான் எதிரி. அம்பு ஓரிடம் போகச் சொன்னால் இன்னோரிடம் போய் நிற்கும். ஆனால் கட்டங்கள் பிடிபட்டுவிட்டன. அன்றைக்கு சட்டை சைஸ்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்து, பக்கத்தில் எத்தனை என்று போட்டு, கடைசியில் கூட்டும் வாய்ப்பாட்டை அடித்து என்டரைத் தட்டினாள். கூட்டுத்தொகை வந்து நின்றது. மேலே ஒரு எண்ணை மாற்றினாள். கீழே தானாக மாறியது. சும்மா நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப இதையே வட்டமா போடலாம்” என்றாள் மிஸ். போட்டார்கள். சிறிய சைஸுக்கு நூலாக ஒரு துண்டு, நடு சைஸுக்குப் பாதி வட்டம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுகள்.

மூத்தவள் கையைத் தூக்கினாள். “மிஸ், வட்டத்துல துண்டெல்லாம் சமமா வரணும்னா என்ன பண்ணணும்?”

“எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போடுங்க. வந்துடும்.”

அவ்வளவுதான் விஷயம். அந்த வட்டத்தைப் பார்த்து ஒரு வாரமாகத் தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள் அவள். ஒருவேளை நாம்தான் அதிகம் அலுத்துக்கொள்கிறோமோ, கம்ப்யூட்டரே சொல்கிறதே என்று. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்று ஒன்று ஒன்று என்று போட்டான், அது வட்டத்தை வெட்டிக் கொடுத்தது. படியிறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டாள். “உங்க சித்தப்பா போட்ட ஷீட்ட உன் லேப்டாப்ல எடுத்துக் குடு.”

“எதுக்கும்மா?”

“எடுத்துக் குடுன்னா குடு.”

மகள் எடுத்தாள். மூத்தவள் உட்கார்ந்து மவுஸில் கை வைத்தாள். அம்பு கொஞ்சம் தடுமாறியது. அதற்குள் மகளின் கை வந்து அவள் கைமேல் விழுந்தது. “குடும்மா, நான் பண்றேன். எங்க போகணும் சொல்லு.”

பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி. நீங்கள் ஒரு பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி, டக் டக்கென்று தட்டி, ‘அவ்ளோதான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். என்ன செய்தது என்று நமக்குத் தெரியாது. மறுநாளும் அதன் பின்னாலேயே போய் நிற்க வேண்டும்.

“கைய எடு” என்றாள் மூத்தவள்.

“இல்லம்மா, நீ பண்ணினா ஒரு யுகம் ஆகும்.”

“ஆகட்டும். நீ நடக்கப் பழகினப்ப எனக்கும் ஒரு யுகம் ஆச்சு. நான் ஒண்ணும் ஒன்ன ஓரமா வெச்சுட்டு நானே நடந்து காட்டல. கைய எடு.”

மகள் முகம் சுருங்கிவிட்டது. “என்னமோ பண்ணு. ஆனா சித்தப்பா போட்டத எதையும் மாத்திடாத, கத்துவார்” என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

மூத்தவள் தனியாக இருந்தாள். திரையில் மேலே வலது ஓரமாகக் குட்டிக் குட்டி வட்டங்கள், கலர் கலராக. அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். பழகத்தானே போகிறோம், கடைசியில் சேவ் பண்ணாமல் மூடிவிட்டால் தீர்ந்தது.

முதலில் ஒரு புதுத் தலைப்பு அடித்தாள். ‘மாதத்தில் எத்தனை தடவை.’ ஒவ்வொரு வரியாக இறங்கி எண்ணைப் போட்டாள். நீலத்துக்குத் தனியாக, பச்சைக்குத் தனியாக, மஞ்சளுக்குத் தனியாகக் கூட்டினாள். அதைப் பிடித்து வட்டம் போட்டாள். முழு வட்டமும் நீலம். பச்சையும் மஞ்சளும் ஓரத்தில் ஒரு கீறல் மாதிரி இருந்தன. மூத்தவள் நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக யாரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சில் கிடந்தது, ஒரு படமாக எதிரே வந்து நின்றது.

அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் கை ஊறிவிட்டது. ‘அண்ணன்’ என்ற தலைப்பை அழித்துவிட்டு ‘நான்’ என்று அடித்தாள். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி காலியாகக் கிடந்தது. அதில் இறங்கினாள்.

டீச்சர் அப்பாவிடம் மனம்விட்டுப் பேசுவது என்ற வரிக்கு நேராக: ‘டீச்சர் அவள் பள்ளிக்கூடத்துக் கதையைப் பேசுவாள். மாமா பதில் சொல்ல வாயெடுத்தால் சரிப்பா வைக்கிறேன் என்று வைத்துவிடுவாள்.’

மேனேஜர் அப்பாவை உற்சாகப்படுத்துவது என்ற வரிக்கு நேராக: ‘வருவது போட்டோ எடுக்க. போட்டோவுக்காக ஒரு வாய் ஊட்டுவார். மிச்சத்தை நான் ஊட்டுவேன்.’

இளையவள், அதாவது மேனேஜரின் மனைவி, மருந்து அனுப்புவது என்ற வரிக்கு நேராக: ‘இவள் சத்தமே போடமாட்டாள், தங்கமானவள் என்பார்கள். இங்கே வந்தால் மாமா அறை வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை.’

குளிப்பாட்டுவது: ‘இன்று சோப்பு கண்ணில் பட்டுவிட்டது. கோபம் வேறொருவர் மேல். எரிந்தது மாமாவுக்கு.’

ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது: ‘எனக்கு அலுத்துவிட்டது. மாமாவைப் பிடிக்காமல் இல்லை. அலுத்துவிட்டது. இதை வாய்விட்டுச் சொன்னால் நான் கெட்டவள்.’

கடைசிக் கட்டத்தில் பெரிதாக: ‘ஹோமில் விடச் சொல்கிறவர்கள் ஒருநாள் காலை வந்து செய்துவிட்டு அப்புறம் சொல்லட்டும். அவர் ஒன்றும் பழைய பீரோ இல்லை.’

மூச்சு விட்டாள். மனசு கழுவிவிட்டாற்போல் இருந்தது. பிறகு, மிஸ் சொன்ன பாடத்தை மறக்காமல், சேவ் பட்டன் பக்கமே போகாமல் ஜாக்கிரதையாக மூடினாள். சென்டரில் மூடும்போது சேவ் பண்ணவா வேண்டாமா என்று மெஷின் கேட்கும். இது கேட்கவில்லை. மகளுடையது புது லேப்டாப், நல்ல மரியாதை தெரிந்தது என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் நெஞ்சு படபடத்திருக்கும். அந்த மிஸ் சொல்லிக்கொடுத்தது அந்த மெஷினுக்கு. மேனேஜர் போட்டதோ மூன்று வீடும் சேர்ந்து பார்க்கிற ஷீட். அடிக்க அடிக்க அது தானே பத்திரப்படுத்திக்கொள்ளும். ஒருவர் அடித்தால் மற்றவர்கள் போனில் அந்த நொடியே எழுத்து எழுத்தாகத் தெரியும். அந்தக் குட்டி வட்டங்கள் அழகுக்கு இல்லை. யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

மேனேஜர் அப்போது சலூன் நாற்காலியில் இருந்தான். நாளைய ரிவ்யூவுக்காக போனில் ஷீட்டைத் திறந்தவன், வட்டம் நீலமாக மாறுவதைக் கண்ணெதிரே பார்த்தான். முதலில் போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தான். பிறகு போட்டோ விஷயம் எழுத்து எழுத்தாக வந்தது.

“தலைய ஆட்டாதீங்க சார்” என்றார் முடிதிருத்துபவர்.

‘பழைய பீரோ’ வந்ததும் மேனேஜர் துணியை உருவிப் போட்டுவிட்டு எழுந்தான். ஒரு பக்கம் வெட்டியாயிற்று. இன்னொரு பக்கம் பாக்கி.

சாயங்காலம் லிஃப்ட் மெக்கானிக் முன்னதாகவே வந்துவிட்டான். அடுப்படி வாசலில் நின்றான். கையில் கிரீஸ்கூடக் கழுவவில்லை.

“என்னங்க, இன்னிக்கு சீக்கிரம்?”

“நீ எழுதினதெல்லாம் படிச்சேன்.”

“எத எழுதினது?”

“ஷீட்ல. தம்பி போன் மேல போன் பண்ணினான். லிஃப்ட் மேல நின்னுக்கிட்டு படிச்சேன்.”

மூத்தவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் சேவ் பண்ணலையே.”

அவன் தன் போனை நீட்டினான். ஒரு வரி விடாமல் இருந்தது. மாடியிலிருந்து இறங்கிவந்த மகள், “அம்மா, அது தானா சேவ் ஆயிடும்மா. நான் பக்கத்துல இருந்திருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள். பிறகு எதற்காகப் பக்கத்தில் இல்லை என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

“மேல ‘அண்ணன்’னு இருந்தத மாத்தினது சரிதான்” என்றான் லிஃப்ட் மெக்கானிக், தரையைப் பார்த்துக்கொண்டு. “அது நான் இல்ல. இத்தன நாள் எனக்கே படிக்கக் கூச்சமாத்தான் இருந்துச்சு.”

“கூச்சமா இருந்துச்சுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

வாசலில் செருப்பைக் கழற்றாமலே மேனேஜர் உள்ளே வந்தான். பாதித் தலையோடு அவனைப் பார்த்து மகளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டியது. துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

“என்ன அண்ணி இது? குடும்ப விஷயம் எல்லாம் இப்படியா எழுதுவாங்க? டீச்சர் அழுதுக்கிட்டிருக்கா. என் வொய்ஃப் ரூம் கதவ சாத்திக்கிட்டா.”

மூத்தவளுக்கு அதுவரை பயம் இருந்தது. அவன் செருப்புக் காலோடு தான் துடைத்த தரையில் நிற்பதைப் பார்த்ததும் பயம் போய்விட்டது.

“நான் எழுதினது தப்பாயிருந்தா எந்த வரி தப்புன்னு சொல்லுங்க. மாத்திடறேன்.”

“வரி வரியா பேச வேணாம். மொத்தத்துல தப்பு.”

“மொத்தமா தப்பு இல்ல தம்பி. நான் ஒவ்வொரு வரியாத்தான் செஞ்சேன். ஒவ்வொரு வரியாத்தான் கேப்பேன். காலையில அவர் தலையில சோப்போட உக்காந்திருக்கார், ஹோம்ல விடலாங்கறீங்க. அவருக்கு என்ன புரியப் போகுதுங்கறீங்க. அது எந்தக் கட்டத்துல வரும்?”

“அப்பா இதப் படிச்சா அவர் மனசு என்ன பாடுபடும், யோசிச்சீங்களா? அலுத்துப்போச்சு அது இதுன்னு.”

“அவர் எப்படிப் படிப்பார்?”

மேனேஜர் ஒரு நொடி தயங்கினான். “அவர் போன்லயும் ஷீட் இருக்கு. நான்தான் போட்டுக் குடுத்தேன். நாம எல்லாரும் எவ்வளவு நல்லா பாத்துக்கறோம்னு அவருக்கும் தெரியட்டுமேன்னு.”

உள்ளறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. மூத்தவள் அந்தக் கதவைப் பார்த்தாள். அலுத்துவிட்டது என்று இரண்டு தடவை அடித்திருக்கிறாள். அவரைப் பற்றி அவள் இந்த ஒரு வருடத்தில் சொன்னதிலேயே கொடுமையான வார்த்தை அது. அதை அவர் எழுத்து எழுத்தாகப் பார்த்திருக்கிறார்.

“அம்மா” என்றாள் மகள். லேப்டாப்பைத் திறந்திருந்தாள். “இங்க யாரோ அடிக்கிறாங்க.”

எல்லோரும் குனிந்தார்கள். எல்லா வரிகளுக்கும் கீழே, கலரில்லாத ஒரு புது வரி. ஒரு எழுத்து வந்தது. நின்றது. இன்னொன்று வந்தது. ‘தி.’ ‘திங்.’ உள்ளறையிலிருந்து, போன் கண்ணாடியில் ஒற்றை விரல் தட்டும் சத்தம் கேட்டது. தட்டலுக்கு ஓர் எழுத்து.

‘திங்கள் முதல் நான் சின்னவன் வீட்டில்.’

பக்கத்துக் கட்டத்தில், செய்பவர் யார் என்ற தலைப்புக்குக் கீழே: ‘பச்சை.’

மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “கை பட்டு ஏதோ டைப் ஆயிருக்கு” என்றான்.

“கோர்ட்ல டைப் அடிச்சவர்டா அவர்” என்றான் லிஃப்ட் மெக்கானிக். “கை பட்டெல்லாம் அடிக்க மாட்டார்.”

“இல்லண்ணா, எங்க வீட்ல எப்படி? ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். எடம் வேற...”

“டேட்டா பொய் சொல்லாது தம்பி” என்றாள் மூத்தவள்.

சொல்லிவிட்டாளே தவிர, மூத்தவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. அலுத்துவிட்டது என்று படித்ததனால் போகிறாரா, அவள் வேலைக்குப் போகட்டும் என்று போகிறாரா? அதுதான் அவளை அரித்தது. உள்ளே போய்க் கேட்க ஓரடி எடுத்து வைத்தாள்.

“ஐயோ, அழியுது” என்றாள் மகள்.

திரும்பிப் பார்த்தாள். பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி அந்த வரியில் வந்து நின்றிருந்தது. வாக்கியம் பின்னாலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. வீட்டில். சின்னவன். நான். எல்லாம் போய்க் கட்டம் வெள்ளையானது.

“சித்திதான்” என்றாள் மகள் மெதுவாக. “பேர் காட்டுது பாருங்க.”

சத்தமே போடாதவள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து இந்த வேலை செய்கிறாள். மேனேஜர் தன் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது என்பதுதான் உண்மை.

உள்ளறையில் விரல் மறுபடி தட்டியது. ‘தி.’ ‘திங்.’ பச்சைப் பெட்டி வந்தது. அழித்தது. மறுபடி ‘தி’. மறுபடி வெள்ளை. படுக்கையில் ஒற்றைக் கையோடு கிடக்கிற மனிதர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி வைக்கிறார், எங்கேயோ இருந்துகொண்டு ஒருத்தி துடைத்துக்கொண்டே வருகிறாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பொறுக்கவில்லை, மூத்தவளுக்கு எப்படிப் பொறுக்கும்?

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். அம்பு தடுமாறியது. மகளின் கை பழக்கத்தில் முன்னால் வந்தது, பாதியில் நின்றது, தானாகவே பின்னால் போய்விட்டது. மூத்தவள் அம்பைக் கொண்டுபோய், மாமனாரின் வரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துத் தட்டினாள். நிதானமாக அடித்தாள்.

‘அழிக்காதே. மாமா பேசிக்கொண்டிருக்கிறார்.’

பச்சைப் பெட்டி அசையாமல் நின்றது. மேனேஜரின் சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அவன் யார் என்று பார்த்தான், எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

அப்புறம் உள்ளறையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. புது எழுத்து ஒன்று வந்து கட்டத்தில் உட்கார்ந்தது. இந்தத் தடவை அது ‘தி’ இல்லை.

‘மூ.’

மூத்தவள் கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.